வட்டி குறைந்த மாதங்களில் எடுக்கப்படாத ஒரு கடன்

முப்பத்தைந்து வயதில் ஒருத்தியை ‘ஓய்வு பெற்ற அதிகாரி’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் நான் பார்த்த வங்கி வேலை முடிந்துபோயிற்று. பதவி உயர்வோடு நாட்டின் வடகிழக்கு மூலைக்கு மாற்றல் வந்தது. அம்மாவுக்குத் திருவனந்தபுரத்தில் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. போவதற்கான காரணங்களையும் போகாததற்கான காரணங்களையும் வழக்கம்போல இரண்டு பக்கமாகப் பிரித்து யோசித்தேன். பாதியிலேயே விடை தெரிந்துவிட்டது. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வட்டார அலுவலகத்தில் இப்போது என் மேசையில் இருக்கும் ரம்யாவும் இன்னும் இரண்டு பேரும் போன மாதம் என்னைப் பார்க்க வந்தார்கள். வங்கிகள் கடனுக்கு வட்டி நிர்ணயிக்கும் முறை மாறப்போகிறது. ‘அடிப்படை வட்டி’ என்று புதிய ஏற்பாடு. இனிமேல் மத்திய வங்கி வட்டியைக் குறைத்தால், அது கடன் வாங்குகிறவர் கைக்குச் சீக்கிரம் வந்து சேரும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்களாம்.

“அப்போ முன்னாடியெல்லாம் வந்தே சேராதா சேச்சி? ரெண்டாயிரத்தெட்டுல நீங்கதானே என் சீட்ல இருந்தீங்க. அலுவலக இதழுக்கு எழுதித் தாங்க” என்றாள் ரம்யா.

வந்து சேர்ந்தது. தாமதமாக, கொஞ்சம் குறைவாக, ஆனால் சேர்ந்தது. சேர்ந்த பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் எனக்கு எழுதத் தெரிந்த விஷயம்.

புள்ளியியலில் முதுகலை முடித்து, தொண்ணூறுகளின் கடைசியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் வித்துராக் கிளை. அங்கே ரப்பர், மிளகு, பொன்முடிப் பாதையில் மண் சரிந்து பஸ் வராத நாட்கள். கையெழுத்தை ஒப்பிடுவது, நகையை உரசிப் பார்ப்பவர் சொல்வதை நம்புவது, மேலாளர் கோபமாக இருக்கும்போது பேசாமல் இருப்பது எல்லாம் அங்கே பழகியது. பிறகு கிழக்கேகோட்டைக் கிளைக்கு வந்தேன்.

அந்த வருஷங்களில் வட்டி தொடர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. வட்டி இறங்கினால் மக்கள் சேமிப்பைக் குறைத்துக்கொண்டு செலவு செய்வார்கள் என்று நான் படித்திருந்தேன். அக்ரகாரத் தெருவிலிருந்து ஒரு ரிட்டயர்ட் தலைமையாசிரியர் வைப்புத்தொகையைப் புதுப்பிக்க வருவார். ஒருமுறை புது வட்டியைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார்.

“போன தடவைக்கு இந்தத் தடவை இவ்வளவு கொறைஞ்சுடுத்தே. ஏன்?”

“பொருளாதாரத்தை ஊக்குவிக்கிறதுக்கு சார்.”

“பேஷ். என்னை யார் ஊக்குவிப்பா? மாசாமாசம் பழைய வட்டியே கையில வரணும்னா இன்னும் எத்தனை போடணும்? அதைச் சொல்லு.”

சொன்னேன். அடுத்த மாதம் அந்தத் தொகையோடு வந்தார். சனிக்கிழமை ஓட்டல் டிபனை நிறுத்திவிட்டதாகவும், மாமியிடம் அது டாக்டர் உத்தரவு என்று சொல்லியிருப்பதாகவும் சொன்னார். செலவைக் கூட்டுவதற்காகக் குறைத்த வட்டி அவரை மேலும் சேமிக்க வைத்திருந்தது. அவரைப் போல் எத்தனை பேர் என்று அன்று எனக்குத் தெரியாது. ஒருவராவது இருக்கிறார் என்பதை மனதில் குறித்துக்கொண்டேன்.

அதன் பிறகு வட்டார அலுவலகம், கடன் கண்காணிப்புப் பிரிவு. அங்கே எனக்கு மேலே இருந்தவர் ஜயதேவன் சார். கொல்லத்துக்காரர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயதுதான் கூட. உட்கார்ந்து போன் பேசி அவரை நான் பார்த்ததில்லை. ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டு, போன் வயரை விரலில் சுற்றியபடியே பேசுவார். எந்தக் கிளையை அழைத்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். “மழ உண்டோ அவிடே?”

புதிதாக வந்தவர்கள் அதை உபசாரம் என்று நினைப்பார்கள். மழை பெய்தால் ரப்பர் பால் வெட்ட முடியாது, கொப்பரை காயாது, கான்கிரீட் போட மாட்டார்கள். அந்த வாரத் தவணை எப்படி வரும் என்பதில் பாதி அவருக்கு அந்தப் பதிலிலேயே கிடைத்துவிடும். மறு பாதிக்கு அவர் கேள்வியே கேட்க மாட்டார். ரிசீவரைக் காதில் வைத்தபடி சும்மா நிற்பார். எதிர்முனையில் இருக்கும் மேலாளரால் அந்த நிசப்தத்தைத் தாங்க முடியாது. எந்தக் கணக்கு மோசமாகிறது, எதை மறைக்க நினைத்தார், எல்லாம் தானாக வந்துவிடும். எங்கள் பிரிவில் நாங்கள் காலைத் தேநீரை ஆறவிட்டு அதைக் கவனித்துக்கொண்டிருப்போம். இப்போதும் தொலைபேசி மணி அடித்தால் எடுத்து, அங்கே மழையா என்று கேட்க வாய் வருகிறது. எதிர்முனையில் பெரும்பாலும் டயாலிசிஸ் மையத்துப் பெண்.

வெள்ளிக்கிழமை தோறும் கிளைகளிலிருந்து மூன்று எண்கள் வாங்குவது என் வேலை. ஒப்புதல் கொடுத்த கடன் எவ்வளவு, அதில் பத்திரத்தில் கையெழுத்தானது எவ்வளவு, உண்மையில் பணமாக எடுக்கப்பட்டது எவ்வளவு. தலைமையகம் கேட்டது முதல் எண்ணை மட்டும். மூன்றாவது ஜயதேவன் சாரின் பிடிவாதம்.

“லெட்டர் வச்சு ஆரும் செங்கல் வாங்கில்ல, கேட்டோ” என்பார்.

இரண்டாயிரத்தெட்டின் கடைசி மாதங்கள் வந்தன. அமெரிக்காவில் பெரிய நிதி நிறுவனங்கள் விழுந்த செய்தி முதலில் எங்களுக்கு டிவியில் வரும் செய்தியாகத்தான் இருந்தது. பிறகு துபாயில் கட்டிட வேலைகள் நின்றன. கேரளத்தில் அது டிவிச் செய்தி இல்லை, வீட்டுச் செய்தி. மத்திய வங்கி, மற்ற வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் பணத்தின் வட்டியைக் குறைத்தது. மீண்டும் குறைத்தது. வங்கிகள் தன்னிடம் கட்டாயமாக வைக்க வேண்டிய ரொக்கத்திலும் ஒரு பகுதியை விடுவித்தது. சுற்றறிக்கைகள் ஒன்றின்மேல் ஒன்றாக வந்தன. எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றே: பணம் இருக்கிறது, மலிவாக இருக்கிறது, கொடுங்கள்.

கிளைகள் கொடுத்தன. அதாவது, ஒப்புதல் கடிதம் கொடுத்தன. முதல் எண் ஏறியது. இரண்டாவது தயங்கியது. மூன்றாவது அசையவே இல்லை. மண்டல அலுவலகத்திலிருந்து ஒருவர் போனில் ஜயதேவன் சாரிடம் கத்தியது எனக்கே கேட்டது. அந்த மூன்றாவது எண்ணை யார் கேட்டார்கள் என்பதுதான் அவர் கோபம். சார் வழக்கம்போல ரிசீவரைப் பிடித்தபடி சும்மா நின்றார். அந்த ஒருமுறை மட்டும் அது பலிக்கவில்லை; மறுமுனையில் இருந்தவர் வைத்துவிட்டார்.

சார் என் பக்கம் திரும்பினார். “நீ போய்க் கேளு. ஏன் எடுக்கலன்னு மட்டும் கேட்டா மதி, அது போதும். எடுக்கச் சொல்லண்டா.”

போனேன். சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திர வியாபாரி, இன்னும் வட்டி குறையுமாமே, குறைந்த பிறகு எடுக்கிறேன் என்றார். வட்டி பிறகு குறைந்தால் அவர் கடனிலும் குறையும் என்று விளக்கினேன். தலையாட்டினார்; எடுக்கவில்லை. வித்துராவில் மாடி கட்டவிருந்தவர் ரப்பர் விலை விழுந்ததைச் சொன்னார். ஒரு வீட்டில் மகனை அவன் கம்பெனி சம்பளமில்லாத விடுப்பில் அனுப்பியிருந்தது. அவனே வந்து கதவைத் திறந்து, கடனைப் பற்றிப் பேச வேண்டாம், அப்பாவுக்குத் தெரியாது என்றான். பதில்களை வகை பிரித்தேன். இன்னும் குறையும் என்று காத்திருப்பவர்கள் ஒரு வகை. இவ்வளவு குறைக்கிறார்களே என்று பயந்துபோனவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகைதான் பெரிது.

பகவதி அக்கா எந்த வகையிலும் அடங்கவில்லை.

பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைக்கும் தேங்காய் விற்கும் கடை அவளுடையது. ஊர் நாகர்கோவில் பக்கம். புருஷன் துபாயில் கட்டிடங்களுக்குப் பலகை அடிக்கும் தச்சர்; அப்போதே ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பெண் பிள்ளைகள். நேமத்தில் சாலையோரம் ஒரு ஷெட்டைப் பேசி வைத்திருந்தார்கள். அதில் கொப்பரை ஆட்டும் மில் போடுவது, அவர் வந்து நடத்துவது என்பது திட்டம். அந்தக் கடன் எடுக்கப்பட்டால் அவர் ஊருக்கு வருவார். எடுக்கப்படாவிட்டால் வர மாட்டார். விண்ணப்பத்தில் இப்படி எழுதியிருக்காது. அவளோடு பேசிய ஐந்தாவது நிமிஷத்தில் எனக்குப் புரிந்தது இது.

கடையில் நல்ல கூட்டம். நான் ஓரமாக நின்றேன்.

“பத்து. இல்ல, பதினொண்ணு தாங்க” என்றார் ஒரு பெரியவர். “மருமகனுக்கு வேல போவாம இருக்கணும்.”

பக்கத்தில் கற்பூரம் விற்கும் சசி அண்ணன் என்னிடம் சொன்னார்: “பேங்க்காரங்களா? லோகத்துல எல்லாருக்கும் கச்சவடம் டல்லு. இந்த அக்காவுக்கு மட்டும் சீசன்.”

“நீரு கற்பூரத்த விக்காம சூடம் போல எரியாதீரும்” என்றாள் பகவதி அக்கா, சில்லறையை எண்ணியபடி. “ஒமக்கும்தான விக்கு.”

எங்கள் மதிப்பீட்டு அதிகாரி அவளுக்கு உடனே ஒப்புதல் கொடுத்ததன் காரணம் அதுதான். ஊரெல்லாம் வருமானம் குறைந்தபோது அவளுடையது மட்டும் கூடியிருந்தது. பயத்தில் உடைக்கும் தேங்காய்கள் அவளை நல்ல வாடிக்கையாளர் ஆக்கியிருந்தன. மத்திய வங்கியின் கொள்கை யாரைத் தேடிக்கொண்டிருந்ததோ, காகிதத்தில் அவள் அப்படியே பொருந்தினாள்.

“ஏன்க்கா இன்னும் கையெழுத்துப் போடல?”

“அவிய முடிவு சொல்லி இன்னும் போன்ல விளிக்கல மேடம். கம்பெனில வேல நிக்கி. பாதிச் சம்பளம் குடுக்கான். நிப்பாட்டுவானா, திரும்பத் தொடங்குவானான்னு அவனுக்கே தெரியல. தெரிஞ்சா சொல்லுதேன், அதுவர ஒண்ணுலயும் கையெழுத்துப் போடாதன்னு சொல்லிட்டாவ.”

“அவர் வந்து மில் நடத்துறதுக்குத்தானே கடனே?”

“ஆமா. ஆனா மில்லு ஓடுதது வர தவணைக்கு அவிய சம்பளம்லா வேணும். சம்பளம் நின்னா கட்ட முடியாது. நிக்கலன்னா, கையில இருக்கத விட்டுட்டு வர ஒரு மனசு வரணும். ரெண்டுல எதுன்னு தெரியாம இப்பம் எப்பிடி?”

மேசைக்குத் திரும்பி அவளுக்காக ஒரு அட்டவணை போட்டேன். இப்போது எடுத்தால் தவணை இவ்வளவு, ஆறு மாதம் கழித்து எடுத்தால் இவ்வளவு, அதற்குள் ஷெட் கைமாறினால் இவ்வளவு நஷ்டம். எடுக்கச் சொல்ல வேண்டாம் என்று சார் சொல்லியிருந்ததை மறக்கவில்லை. அட்டவணை சொல்வது நான் சொல்வதாகாது என்று எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். உண்மையில், பார்த்தே இராத அந்த மனிதர் நேமத்தில் மில் வாசலில் நிற்பதை நான் விரும்பத் தொடங்கியிருந்தேன். அத்தனை கடிதங்களில் ஒன்றாவது ஒரு வீட்டில் ஏதாவது செய்ததென்று பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது.

இரண்டாவது முறை போனதற்கு முந்தின நாள்தான் மத்திய வங்கி மறுபடி வட்டியைக் குறைத்திருந்தது. நல்ல செய்தியோடு வந்திருக்கிறேன் என்ற முகத்தோடு போய் நின்றேன்.

“டிவில பாத்தேன்” என்றாள். “எனக்கு ராத்திரி ஒறக்கம் இல்ல மக்கா.” மேடம் எப்போது மக்கா ஆனேன் என்று தெரியவில்லை. “பிள்ளைக்குக் காய்ச்சல்னு கொண்டு போனா, டாக்டரு ஒரு மருந்து தந்தா தைரியம் வரும். வாராவாரம் கூட்டிக் கூட்டித் தந்தா, என்ன ஏதுன்னு பயமும் பேடியும் வராதா?”

“மருந்தே தரலன்னா தைரியம் வருமாக்கா?”

யோசித்தாள். சிரித்துவிட்டாள். “அதுவும் வராது.”

“ஷெட்காரர் எத்தனை நாள் காத்திருப்பார்?”

“அவன் நேத்தே வந்தாச்சு. ஒரு டயர்க்காரன் கூடுதல் அட்வான்ஸ் தாறானாம்.” என் அட்டவணையை வாங்கி, முழுக்கப் படித்து, நான்காக மடித்துக் காசுப்பெட்டிக்குள் வைத்தாள். “நீ சொல்லுதது மனசிலாவுது. கணக்கு சரியாத்தான் இருக்கு. அவிய விளிக்கட்டும்.”

ஜயதேவன் சாரிடம் சொன்னேன். “நீ எடுக்கச் சொன்னியோ?” என்று மட்டும் கேட்டார். அட்டவணையைப் பற்றிச் சொன்னேன். பிறகு அவளுடைய ஒப்புதல் கெடுவைத் தன் பொறுப்பில் நீட்டிக் கையெழுத்துப் போட்டார். “இந்த ஸ்த்ரீ எடுத்தா எனக்கொரு சாயா வாங்கித் தா” என்றார். அவருக்கும் ஆசை இருந்திருக்கிறது.

ரம்யா, நீ கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலை இங்கே எழுதிவிடுகிறேன். அந்த மாதங்களில் வட்டியைக் குறைத்தது வீண் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் வட்டாரத்தில் எந்தக் கிளையிலும் பணமில்லை என்ற நிலை வரவில்லை. பழைய வீட்டுக் கடன்காரர்களுக்குத் தவணை குறைந்தது. அவர்களில் சிலர் அதனாலேயே மூழ்காமல் தப்பித்தார்கள். குறைக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஏற்கெனவே கடன் வாங்கியவர்களை அது தாங்கிப் பிடித்தது. புதிதாக ஒருவரை ஓர் அடி எடுத்து வைக்கச் செய்வது வேறு வேலை. மத்திய வங்கியால் பணத்தின் விலையைக் குறைக்க முடியும். நாளைக்கு என்ன என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. அது எந்த அறிவிப்பிலும் வராது, எந்தக் கூட்டத்திலும் குறைக்கப்படாது. அந்த இரண்டாவது விலை ஏறும் வேகத்துக்கு முதல் விலை இறங்க வேண்டியிருந்தது. எங்களிடம் அத்தனை படிகள் இல்லை. புதிய ஏற்பாட்டில் குறைப்பு சீக்கிரம் போய்ச் சேரும் என்கிறார்கள், நல்லதுதான். சேர்கிற இடத்தில் இருப்பவர் யாருடைய அழைப்புக்காகக் காத்திருக்கிறார் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மூன்றாவது எண் எதற்கு என்று யார் கேட்டாலும், வாங்குவதை நிறுத்தாதீர்கள்.

அடுத்த வருஷம், மழைக்காலம் முடியும் சமயத்தில், பகவதி அக்கா அலுவலகத்துக்கே போன் செய்தாள். அவிய விளிச்சாச்சு, ஒருக்கா வந்துட்டுப் போ என்றாள். ஜயதேவன் சாரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். பத்திரங்களையும் எடுத்துக்கொண்டேன். கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, அந்தக் கூட்டத்துக்குள் ஏறக்குறைய ஓடினேன் என்று நினைக்கிறேன்.

கடைக்கு முன்னால் சசி அண்ணன்தான் முதலில் கையைப் பிடித்துச் செய்தி சொன்னார். “அக்கா வீட்டுக்காரரு முருகன் அண்ணனுக்குக் கம்பெனில ரெண்டு வருஷம் நீட்டிக் கொடுத்தாச்சு. முழுச் சம்பளம். பிள்ளையாரு கைவிடல.” பூ விற்கும் பெண் ஒருத்தி, எங்க வீட்டு ஆளுக்கும் இப்படியொண்ணு வரணுமே என்றாள். பகவதி அக்கா எல்லோருக்கும் பழம் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் இரண்டு கொடுத்தாள்.

பிறகு காசுப்பெட்டிக்கு அடியிலிருந்து ஒப்புதல் கடிதத்தை எடுத்துத் தந்தாள். ஒரு மடிப்புக்கூட இல்லாமல் வைத்திருந்தாள்.

“இது இனி வேண்டாம்லா. ஒனக்கு எதுவும் கொறச்சல் வருமா?”

“எனக்கு ஒண்ணும் வராதுக்கா.”

“சந்தோசமான விசயம்தான” என்றாள். கேள்வியா, முடிவா என்று புரியவில்லை. நான் ஆமாம் என்றேன். ஷெட்டை ஓணத்துக்கு முன்பே அந்த டயர்க்காரர் எடுத்துக்கொண்டது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஒருவர் வந்து மூன்று தேங்காய் கேட்டார். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். அவர் போகும் வரை காத்திருந்தேன்.

“அவர் என்ன சொன்னார்?”

“சம்பளம் பழையபடி வரும்னாவ. மூத்தவள காலேஜ்ல சேக்கலாம்னாவ. நானும் சரி சரின்னேன்.” தேங்காய்க் குவியல் சரிந்திருந்தது. குனிந்து சரிசெய்யத் தொடங்கினாள். “போன வைக்கப் போவும்போ கேக்காவ, அந்த ஷெட்டுக்கு வாசல் எந்தப் பக்கம்னு. இத்தன மாசமும் வட்டியத்தான் கேப்பாவ. வாசல ஒருநாளும் கேட்டதில்ல.”

“என்னக்கா சொன்னீங்க?”

“கெழக்கேன்னேன். கொப்பர காயப்போட முன்னால எடம் உண்டுமான்னாவ.” நிமிராமலே இன்னொரு தேங்காயை எடுத்து மேலே வைத்தாள். “உண்டு, நல்ல வெயிலு விழும்னு சொன்னேன்.”